இழுக்கிற கையா? எடுக்கிற கையா?



இந்த மாதச் செய்திக்காக ஜெபித்துக்கொண்டிருந்தபோது கர்த்தர் மத்தேயு 17-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனத்தை என் உள்ளத்தில் வைத்தார். வேதாகமத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். தேவாலய வரி கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை. ஆண்டவர் பேதுருவைக் கடலுக்கு அனுப்புகிறார். எதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்? வலையை அல்ல, தூண்டிலை!

வலை போட்ட சம்பவங்கள் நமக்கு நன்றாகத் தெரியும். லூக்கா 5-லும் யோவான் 21-லும் வலை நிறைய மீன். கன்வென்ஷன் கூட்டங்களில் நாம் எல்லாரும் அந்த வலையைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணுகிறோம். ஆனால் புதிய ஏற்பாட்டிலே தூண்டில் போட்டு மீன் பிடிப்பது இந்த ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. கூட்டத்தைப் பிடிக்க அல்ல, ஒரே ஒரு மீனைப் பிடிக்க.

பிரியமானவர்களே, வலை கூட்டத்துக்கு. தூண்டில் ஒரு ஆளுக்கு. கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணுவது சுலபம். மைக் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, அல்லேலூயா சொல்ல ஆள் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே இருக்கிற அந்த ஒரே ஒரு ஆத்துமா இருக்கிறதே, அங்கேதான் நம்முடைய ஊழியம் என்னவென்று தெரியவரும். அந்தக் காரியத்தில் நான் எப்படித் தவறினேன், ஒரு ஓடைக்கரையிலே கர்த்தர் என்னை எப்படி உடைத்தார் என்பதை இந்த மாதம் ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசிக்கிற யாராவது ஒருவர் தன் தகப்பனிடம், தன் மகனிடம், தன் கணவனிடம் திரும்பிப் போனால் அதுவே எனக்குப் போதும்.

அப்பாவும் அவலாஞ்சி ஓடையும்

என் தகப்பனார் 1947-ல் இலங்கையிலே, நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டத்துத் தொரைக்கு டிரவுட் மீன் பிடிப்பது என்றால் உயிர். 10, 12 வயதிலே அப்பா தொரையின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடை ஓடையாகப் பின்னால் நடந்தார். நடந்து நடந்தே வித்தையைப் படித்துக்கொண்டார். தொரை சீமைக்குத் திரும்பும்போது ஒரு பழைய மூங்கில் ராடையும் ரீலையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பா 1972-ல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார். கையிலே ஒரு டிரங்குப் பெட்டி, பழைய சேலைத் துணியில் சுற்றின அந்த ராடு. அவ்வளவுதான் சொத்து. நீலகிரியிலே தோட்ட வேலை கிடைத்தது. நான் இங்கேதான் பிறந்தேன்.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. குளிர்ந்த, ஓடுகிற, தெளிவான தண்ணீர் அதற்கு வேண்டும். தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும், 25-ஐத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரியில் அதை வளர்க்கப் பாடுபட்டார், நிலைக்கவில்லை. ஏறக்குறைய 40 வருஷம் கழித்து எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் காரியம் கைகூடியது. 1907-ல் அவலாஞ்சியிலே குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. இன்றைக்கு நம் மலை ஓடைகளில் இருக்கிற ரெயின்போ டிரவுட், அப்படிக் கொண்டுவந்து விடப்பட்ட மீனின் சந்ததிதான். அப்பா இதை ஒரே வரியில் சொல்வார்: "இந்த மீனும் நம்மளப் போலத்தான்டா. வேற சீமையிலருந்து கொண்டாந்து விட்டது. பொழச்சுக்கிச்சு."

அப்பா நல்ல உழைப்பாளி. கோபக்காரர் அல்ல. ஆனால் குடி! சம்பள நாளில் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு வழியிலேயே நிற்பார்கள். பாதிச் சம்பளமாவது வீட்டுக்கு வராதா என்று பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூடத்திலே தலைகுனிந்த நாட்கள் உண்டு.

1991 மே மாதம். எனக்கு 12 வயது. ஒருநாள் அப்பா சொன்னார்: "தம்பி, ஞாயித்துக்கிழமை அவலாஞ்சி போறோம். உனக்கு மீன் புடிக்கச் சொல்லித் தர்றேன்." நான் நம்பவில்லை. ஆனால் ஊட்டிக்குப் போய் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கி வந்துவிட்டார். சனிக்கிழமை இரவு அவர் குடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சேவலின் கழுத்து இறகை நூல் போட்டுத் தூண்டில் முள்ளில் கட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. அது குளிரால் என்று அப்போது நினைத்தேன். குடிக்காததால் நடுங்குகிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எனக்காக அன்றைக்கு அவர் பட்ட பாடு அது.

எமரால்டு வரைக்கும் பஸ். அங்கிருந்து நடை. சோலைக்காடு, புல்வெளி, நடுவிலே கண்ணாடி போல ஓடை. அந்த ஒரு நாளில் அப்பா எனக்கு நாலு பாடம் சொன்னார். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா வாங்கினேன், அங்கே படித்தது பாதி மறந்துவிட்டது. இந்த நாலும் மறக்கவில்லை.

முதல் பாடம்: நிழல் விழக்கூடாது

நான் ஓடையைப் பார்த்த சந்தோஷத்தில் நேராகக் கரைக்கு ஓடினேன். மின்னல் போல மீன்கள் கலைந்து ஓடிவிட்டன. அப்பா திட்டவில்லை. "சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கு. உன் நிழல் தண்ணில விழுது. நிழல் விழுந்தா மீன் நிக்காது. குனிஞ்சு வா. கீழ்ப்பக்கமா இருந்து வா" என்றார்.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டுதான் நிற்கும். தண்ணீர் கொண்டுவருகிற பூச்சியைப் பிடிக்க அதுதான் வசதி. ஆகவே பின்னால் இருந்து, அதாவது கீழ்ப்பக்கமிருந்து வருகிறவனை அது சீக்கிரம் காணாது. கரைமேல் நிமிர்ந்து நிற்கிறவனை உடனே கண்டுகொள்ளும். தாழக் குனிந்து வருகிறவன் அதன் கண்ணுக்குத் தப்புவான். காலைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்ச்சியும் மீனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே அப்பா முட்டிபோட்டுத்தான் கரைக்குப் போனார்.

இரண்டாம் பாடம்: இது இரை அல்ல

மற்றத் தூண்டிலில் புழு இருக்கும், ஈயக் குண்டு இருக்கும். இதிலே இரண்டும் இல்லை. இறகால் கட்டின ஒரு பொய்ப் பூச்சி, அதைத்தான் ஃப்ளை என்கிறார்கள். அதற்குப் பாரம் கிடையாது. லைனுக்குத்தான் பாரம். அந்த லைனைப் பின்னால் வீசி, அது காற்றில் நன்றாக நீளும்வரை காத்திருந்து, பிறகு முன்னால் விட வேண்டும். நான் பலங்கொண்ட மட்டும் வீசினேன். லைன் என் தலைமேலேயே சிக்கிக்கொண்டது. "பலத்துல இல்லடா, காத்திருக்கிறதுல இருக்கு" என்று அப்பா சிரித்தார்.

மீன் வந்து ஃப்ளையைக் கவ்வினதைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம். "அப்பா, அது வெறும் இறகுதானே? மீனுக்குத் தெரியாதா?" "தெரிஞ்சா கவ்வுமா? பசியில பார்க்குது. நிசப் பூச்சி மாதிரி மினுமினுன்னு இருக்கு. கவ்வின பிறகுதான் தெரியும், உள்ளே முள்ளுன்னு."

தேவ ஜனமே, யாக்கோபு 1:14-ஐ எடுத்துப் பாருங்கள். மனுஷன் தன் சொந்த இச்சையாலே எப்படி இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு சொல்லும் இடம். நம் வேதாகமத்தில் சிக்குண்டு என்று இருக்கிற இடத்திலே, மூல பாஷையான கிரேக்கத்தில் இரை வைத்துப் பிடிப்பது என்ற பொருளுள்ள வார்த்தை இருக்கிறது. மீன் பிடிக்கிறவன் பாஷை அது!

இன்னொரு அதிசயம் கேளுங்கள். இந்த இறகுத் தூண்டிலைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய விவரம், கி.பி. 200-ஐ ஒட்டி ஏலியன் என்ற ரோம எழுத்தாளர் எழுதினது. மக்கெதோனியாவிலே, பெரோயாவுக்கும் தெசலோனிக்கேவுக்கும் நடுவே ஓடின ஒரு ஆற்றைப் பற்றி எழுதுகிறார். அப்போஸ்தலர் 17:10-ல் பவுலும் சீலாவும் ராத்திரியிலே நடந்த வழி அந்தப் பக்கம்தானே! அங்கே புள்ளிபோட்ட மீன்கள் தண்ணீர்மேல் பறக்கிற ஒரு பூச்சியை விரும்பித் தின்னும். ஆனால் நிஜப் பூச்சியை மனுஷன் கையில் பிடித்தால் அதன் நிறம் போய்விடும், சிறகு வாடிவிடும். இரைக்கு உதவாது. ஆகவே ஜனங்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகை வைத்துக் கட்டினார்களாம்.

கவனித்தீர்களா? நிஜமானது தொட்டால் வாடிவிடுகிறது. பொய்யானதோ எத்தனை முறை வீசினாலும் அப்படியே மினுமினுக்கிறது! சத்துருவின் தந்திரம் இதுவே. முதல் கிளாசிலே சிநேகிதர் கூட்டம், சிரிப்பு, குளிருக்கு இதம் என்று காட்டுகிறான். முள்ளைக் காட்டுவதில்லை. வாலிபனே, உன் கைபேசியிலே மினுமினுக்கிற காரியமும் இப்படித்தான். அது இரை அல்ல, இறகு. உள்ளே முள் இருக்கிறது.

மூன்றாம் பாடம்: கையை நனைத்துக்கொள்

மத்தியானத்துக்கு மேல் என் ராடிலும் ஒரு மீன் விழுந்தது. சின்ன மீன். நான் ஆர்வத்தில் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்தேன். "இழுக்காத, இழுக்காத! வாய் கிழிஞ்சிரும்" என்று அப்பா ஓடிவந்தார். மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்தார். நான் பிடிக்கப் போனேன். "கையை நனைச்சுக்கோ முதல்ல" என்றார்.

ஏன் தெரியுமா? மீனின் உடம்பில் வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. நோய் தொற்றாதபடி அதைக் காப்பது அதுதான். உலர்ந்த கையால் பிடித்தால் அந்தப் பூச்சு உரிந்துவிடும். தண்ணீரில் விட்டாலும் பிற்பாடு நோய் பிடித்துச் சாகும். அப்பா தன் இரண்டு கையையும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, முள் எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாகத் திருப்பி, மெதுவாக எடுத்தார். ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.

நாலாம் பாடம்: அதுவாக நீந்தும்வரை பிடித்திரு

முள்ளை எடுத்ததும் நான் மீனை வாங்கித் தண்ணீரில் வீசப் போனேன். அப்பா விடவில்லை. "களைச்சுப் போயிருக்கு. வீசினா மல்லாந்துரும்" என்று சொல்லி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் தலையை வைத்துக் கையில் ஏந்திக்கொண்டார். செவுளிலே தண்ணீர் ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அதன் வால் அசைந்தது. அப்புறமும் பிடித்திருந்தார். அதுவாகவே ஒரு உதறு உதறி அவர் கையைவிட்டுப் போயிற்று. "இப்பதான் அது பொழைக்கும்" என்றார்.

என் அப்பாவை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் சாயங்காலம் அவர் மறுபடி குடித்துவிட்டு வந்தார்.

நான் போட்ட நிழல்

1998-ல் ஒரு எழுப்புதல் கூட்டத்திலே கர்த்தர் என்னைச் சந்தித்தார். இரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன், அபிஷேகம் பெற்றேன். ஸ்தோத்திரம்! வேதாகமக் கல்லூரிக்குப் போனேன். திரும்பி வந்தவுடன் அப்பாவை ஆதாயப்படுத்த வேண்டும் என்ற வைராக்கியம். வைராக்கியம் இருந்தது, அன்பு இருந்ததா? இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன்.

2003-ல் எங்கள் வீட்டிலே ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஏறக்குறைய 40 பேர். அப்பா கடைசியில், கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தார். அன்று அவர் குடிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லார் முன்னாலும் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய குடியைச் சொல்லி, சத்தம் போட்டு ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையிலே நான் என்ன சாட்சி சொன்னேன் தெரியுமா? சத்துரு தாங்க முடியாமல் ஓடிவிட்டான் என்று சொன்னேன். சபையாரும் அல்லேலூயா என்றார்கள். ஓடினது சத்துரு அல்ல, என் அப்பா.

அதற்குப்பின் எட்டு வருஷம். நான் வீட்டுக்குப் போனால் அவர் பின்வாசல் வழியே போய்விடுவார். நான் உபவாசமிருந்தேன், அவர் மனந்திரும்ப வேண்டும் என்று. நான் மனந்திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2011-ல் அம்மா போன் பண்ணினார்கள். "அப்பாவுக்கு உடம்பு முடியலப்பா. ஒரு தடவை அவலாஞ்சிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு. உன்கிட்ட நேரா கேக்கப் பயப்படுறாரு." கன்வென்ஷன் வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெற்ற தகப்பன் மகனிடம் கேட்கப் பயப்படுகிறான்! அந்த வார்த்தை முள்ளாகக் குத்திற்று.

போனோம். தூண்டில் கொண்டுபோகவில்லை. பார்க்கத்தான் போனோம். ஆனாலும் என் பாக்கெட்டில் ஒரு கைப்பிரதியை வைத்திருந்தேன், இன்றைக்கு எப்படியும் பேசிவிட வேண்டும் என்று. தண்ணீர் பக்கத்தில் போனதும் என்ன பேசலாம் என்ற யோசனையிலே நேராகக் கரைமேல் ஏறி நின்றுவிட்டேன். மீன்கள் கலைந்து ஓடின.

பின்னாலிருந்து அப்பாவின் குரல். "தம்பி, உன் நிழல் விழுதுப்பா."

20 வருஷத்துக்குப்பின் அதே வார்த்தை. நான் பேச்சில்லாமல் நின்றேன். அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் வர்ற. நீ வர்றதுக்கு முன்ன உன் நிழல் வந்துருது. எனக்குள்ள முள்ளு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? 40 வருசமா இருக்குடா. நீ வர்றப்பல்லாம் புடிச்சு இழுக்கிற. இழுத்தா கிழியத்தானே செய்யும்? எடுக்கணும்னு ஒருநாளாவது கையை நனைச்சிருக்கியா?"

பிரியமானவர்களே, எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என்னை உடைத்த பிரசங்கம் இதுதான். அப்போஸ்தலர் 5:15-ஐ நினைத்தேன். பேதுருவின் நிழல் தங்கள்மேல் படாதா என்று வியாதியஸ்தரைக் கொண்டுவந்து வீதியிலே கிடத்தினார்கள். அவன் நிழலைத் தேடி ஜனங்கள் வந்தார்கள். என் நிழலைக் கண்டு என் சொந்த அப்பா ஓடினார். அவன் நிழலிலே இயேசு இருந்தார். என் நிழலிலே நான் மாத்திரம் இருந்தேன்.

அந்தக் கரையிலே முட்டிபோட்டேன். அப்பாவின் காலைப் பிடித்து, 2003-ல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கைப்பிரதியை எடுக்கவில்லை. அவர் என் தலையில் கை வைத்து, "எந்திரிடா, கால் நனையுது" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் நுவரெலியா கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

முள் எடுக்கப்பட்ட விதம்

அன்றைக்கே அப்பா குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் சாட்சி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை அல்ல. கர்த்தர் ஒரு நொடியில் விடுதலை தருகிறவர், அப்படிப்பட்டவர்களை நம் சபையிலேயே பார்க்கிறோம். என் அப்பாவை அவர் மெதுவாக நடத்தினார்.

மூன்று மாதம் கழித்து அப்பாவே, "விடணும்டா, என்ன செய்யணும்?" என்று கேட்டார். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் எச்சரித்தார். மருத்துவமனையில் வைத்து, மருந்து கொடுத்து, கவனித்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். விசுவாசம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரே என்று சிலர் பேசினார்கள். பவுலோடு ஊழியம் செய்த லூக்கா யார்? கொலோசெயர் 4:14-ஐப் பாருங்கள், வைத்தியன்தானே! வீட்டில் குடிக்கு அடிமைப்பட்டவர் இருக்கிறவர்களே, கேளுங்கள். ஜெபத்தை விடாதீர்கள். மருத்துவரையும் பாருங்கள். அறையில் பூட்டிவைத்து நீங்களே நிறுத்தப் பார்க்காதீர்கள்.

அப்பா இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் தடவை விழுந்தபோது ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் பழைய கோபம் வந்தது. அப்போதுதான் நாலாம் பாடம் நினைவுக்கு வந்தது. முள்ளை எடுத்த உடனே வீசிவிடாதே, அதுவாக நீந்தும்வரை பிடித்திரு! போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவராகவே, "வா, டாக்டர்கிட்ட போகலாம்" என்றார்.

2013-ல், 66-ஆம் வயதிலே, அப்பா ஞானஸ்நானம் எடுத்தார். தொட்டியிலே நான் முன்பாக இறங்கி நின்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்து, "நனைச்சுட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். சபையாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. 2017-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி நாலு வருஷம் ஒவ்வொரு சம்பளப் பிடித்தப் பணமும், ஒவ்வொரு கூலியும் அம்மா கையில்தான் வந்தது. அந்த மூங்கில் ராடு இன்றும் எங்கள் வீட்டுச் சுவரிலே தொங்குகிறது.

இன்றைக்கு உங்களுக்கு

சபையாரே, எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். எழுப்புதல் எங்கே ஆரம்பிக்கும்? பழைய ஏற்பாட்டின் கடைசி வசனமாகிய மல்கியா 4:6-ஐ வாசியுங்கள். பிதாக்களின் இருதயம் பிள்ளைகளிடத்துக்கும், பிள்ளைகளின் இருதயம் பிதாக்களிடத்துக்கும் திரும்ப வேண்டும் என்பதோடு அந்தப் புஸ்தகம் முடிகிறது. வீட்டிலே திரும்பாத இருதயம் மேடையிலே எவ்வளவு சத்தம் போட்டாலும் அது எழுப்புதல் அல்ல.

கலாத்தியர் 6:1-லே, தவறிப்போனவனைச் சாந்தமான ஆவியோடு சீர்ப்படுத்தச் சொல்லுகிறார் பவுல். அந்தச் சீர்ப்படுத்துதலுக்கு மூல பாஷையில் உள்ள வார்த்தை எது தெரியுமா? மத்தேயு 4:21-ல் யாக்கோபும் யோவானும் படகிலே உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்தார்களே, அங்கே வருகிற அதே வார்த்தை. கிழிப்பது அல்ல, கிழிந்ததைத் தைப்பது!

ஆகவே இந்த மாதம் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலுள்ள அந்த ஒரு ஆத்துமாவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களையே கேளுங்கள்:

நான் நிமிர்ந்து வருகிறேனா, குனிந்து வருகிறேனா? என் நிழலைக் கண்டு அவர் எழுந்து போகிறாரா? அவருடைய குற்றத்தை மற்றவர்கள் முன்னால், சாட்சி என்ற பெயரிலே, ஜெப விண்ணப்பம் என்ற பெயரிலே சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருந்தால் முதலாவது போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் மனந்திரும்பினபிறகு அல்ல, இப்போதே.

கையை நனைத்திருக்கிறேனா? கண்ணீரால், ஜெபத்தால், பொறுமையால் நனையாத கை, சத்தியத்தைச் சொன்னாலும் தோலை உரித்துவிடும்.

முள்ளை எடுத்தபின் விட்டுவிட்டேனா? போன வருஷம் இரட்சிக்கப்பட்ட சகோதரன் இன்றைக்குச் சபைக்கு வரவில்லை என்றால், பின்மாற்றக்காரன் என்று பெயர் வைப்பதற்கு முன் அவன் வீட்டுக்கு யார் போனோம்?

முள்ளை விழுங்கிக்கொண்டு இதை வாசிக்கிற சகோதரனே, உனக்கும் ஒரு வார்த்தை. இழுத்த கைகளைப் பார்த்து இயேசுவைத் தப்பாக நினைத்துவிடாதே. நெரிந்த நாணலையும் முறிக்காதவர் என்று ஏசாயா 42:3 காட்டுகிறவர் அவர். உன் முள்ளை எடுக்க வருகிற அவர் கையிலே ஆணி பாய்ந்த தழும்பு இருக்கிறது. குத்துகிற வலி என்னவென்று அந்தக் கைக்குத் தெரியும்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வீட்டிலுள்ளவர்களை எங்கள் பெருமையாலே துரத்தினோம், எங்களை மன்னியும். எங்கள் நிழல் விழாதபடி உம்முடைய பாதத்தில் எங்களைத் தாழ்த்துகிறோம். இழுக்கிற கையை எடுக்கிற கையாக மாற்றும். குடியிலும் மற்ற அடிமைத்தனத்திலும் சிக்கியிருக்கிற ஒவ்வொருவரையும் விடுவித்து, அவர்களாகவே நீந்தும்வரை ஏந்திக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக!